இழுக்க நாலு, விட ஆறு

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு.
நூறாம் நம்பர் பஸ் நகரவில்லை.
கழுத்தடியில் தொடங்கிவிட்டது.
அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இல்லை;
அடுப்பே நான்.

இழுக்க நாலு, விட ஆறு, என்றார் டொக்டர்.
விளக்கில் எண்கள் இறங்குகின்றன:
முப்பத்தொன்று, முப்பது.
விடும்போது மூன்றிலேயே தீர்ந்துபோகிறது மூச்சு.
மேலுதட்டு வியர்வையைச் சேலைத் தலைப்பில் ஒற்றுகிறேன்.
கொண்டக்டர் மிச்சக்காசோடு நின்று பார்க்கிறான்.

பக்கத்து சீற்காரி, என் வயதுதான் இருக்கும்,
இறுகிக் கிடந்த ஜன்னலை
இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள்.
மின்சாரப் பில்லை மடித்து விசிறினாள்,
எனக்கு இரண்டு வீச்சு, தனக்கு ஒன்று.
"எனக்கும்தான்," என்றாள் சிங்களத்தில்.

தோள் இரண்டும் காதடியிலிருந்து இறங்கியதை
அப்போதுதான் கவனித்தேன்.

பச்சை விழுந்தது.
எண்ணிக்கை எங்கே விட்டது என்று தெரியவில்லை.
வெள்ளவத்தை வரைக்கும்
மூச்சு தன்பாட்டில் வந்து போனது.