இரண்டு மெமோவுக்கும் விளக்கம்

ஐயா,
மெமோ கிடைத்தது. இரண்டும்.
ஒன்று, பதினோராம் தேதி
மருந்தடிக்காமல் விட்டதற்கு.
மற்றது, அதே பதினோராம் தேதி
மருந்தடித்ததற்கு.

புளியரைச் சாவடியில் என் பொறுப்பில் இருப்பவை:
நீல டிரம், கைத்தெளிப்பான்,
கையுறை இரண்டு, இரண்டும் இடது கைக்கு.
கோட்டைவாசல் வளைவு இறங்கி வருகிற
வண்டிகளின் டயரை நனைக்க வேண்டும்.
அந்தப் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சலாம்.

திங்கள், எல்லா வண்டிக்கும் என்றீர்கள்.
செவ்வாய், கோழி வண்டிக்கு மட்டும்.
புதன்கிழமை வாட்ஸப்பில் உங்கள் குரல்:
பாதி இருமல், மீதி "பார்த்துச் செய்ங்க".
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே நின்றதற்கு
வியாழக்கிழமை திட்டு விழுந்தது.

எட்டே காலுக்குள் கையெழுத்து இல்லையென்றால்
அரை நாள் கூலி போச்சு.
கையெழுத்து நோட்டு இருக்கும் அறையை
எட்டரைக்குத் திறக்கிறார் பியூன்.
அவர் நிரந்தரம். அவருக்கு மணி கிடையாது.

பதிவேட்டை நீல மையில் எழுதச் சொன்னவர்
கோமதிநாயகம் சார்.
கறுப்புதான் விதி என்று
நாற்பது பக்கத்தையும் திரும்ப எழுத வைத்தவரும் அவரே.
இடையில் ஒரு மதியச் சாப்பாடு மட்டும்தான் நடந்தது.

பதினோராம் தேதி சாரல்.
குஞ்ஞுமோனின் முட்டை லாரி,
காலி அட்டைகளோடு திரும்பியது. அடித்தேன்.
பின்னால் ஒரு வெள்ளைக் கார். கண்ணாடி இறங்கவில்லை.
உள்ளேயிருந்து யாரோ உங்களிடம் பேச
நீங்கள் என்னிடம் பேசினீர்கள்:
"அத விடும்மா."
விட்டேன்.
அடுத்து வந்ததும் வெள்ளைக் கார்.
வெள்ளை என்றால் விட வேண்டும்போல என்று
அதையும் விட்டேன்.
நாங்கள் மருந்தடிக்கிறோமா என்று
பார்க்க வந்த குழுவாம் அது.

காலி வண்டிக்கு மருந்து வேண்டாம் என்ற சுற்றறிக்கை
ஒன்பதாம் தேதி போட்டது.
என் கைக்குப் பதினான்காம் தேதி வந்தது.
பின்பக்கம் யாரோ டீக்கணக்கு எழுதியிருந்தார்கள்,
பஜ்ஜி நான்கு உட்பட.

இப்போதெல்லாம் குஞ்ஞுமோன்
சாவடிக்கு முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு
தலையை நீட்டிக் கேட்கிறான்:
"சேச்சி, இன்னு எந்தா நியமம்?"
இன்னும் வரலை என்கிறேன்.
சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறான்.
அவனுக்குப் பின்னால் பதினாறு வண்டி,
ஒரு கல்யாண வேன்.
நான் தெளிப்பானைத் தூக்கியபடி நிற்கிறேன்,
அடிப்பதற்கும் இல்லாமல்
இறக்கி வைப்பதற்கும் இல்லாமல்.
தோள்பட்டையில் மருந்து ஒழுகுகிறது.
என் மேல் கிருமி எதுவும் இருக்காது ஐயா,
அது மட்டும் உறுதி.

எந்த மெமோவுக்கு முதலில் பதில் என்று
மெமோவில் இல்லை.
எந்த மையில் என்றும் இல்லை.
ஆகவே பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பூ. ஆவுடைத்தங்கம்
தினக்கூலி