அலகு

மூன்றாவது பொருள்:
முனைவர் கெலெமென் ஓர்ஷோல்யாவின் பணி ஒப்பந்தம்.
இரண்டாவது பொருள் கார் நிறுத்துமிடம்;
அதற்கு நாற்பது நிமிடம் பேசியிருந்தோம்.

இந்தப் பருவம் குறிப்பெழுதும் முறை என்னுடையது.
வெந்நீர்க் குழாய்கள் முனகும் சன்னலோரம்
மடிக்கணினியும் ஆறிய காபியுமாக,
பதினோரு வருடம் நிலவியல் கற்பித்தவன்
தட்டச்சுக்காரனாய் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே தீசா ஆறு ஓரங்களில் உறைந்து கிடந்தது.

குறிப்புக்கென்று ஓர் இலக்கணம் உண்டு.
முன்வைக்கப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது. ஏற்கப்பட்டது.
எல்லா வினைக்கும் வாலில் ஒரு 'பட்டது'.
பட்டது யார் என்று
எழுதும் வழக்கம் இல்லை.

டீன் சொன்னார்: இது ஆய்வைப் பற்றியதே அல்ல,
நிதியைப் பற்றியது.
நிதி தரும் அறங்காவலர் குழுவில்
பேட்டரி ஆலையின் துணைத்தலைவர் இருப்பதை
யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமலும் இல்லை.
ஆலைக்குக் கீழே மூன்று மதகுகளில்
இரண்டு குளிர்காலம் ரப்பர் காலணியோடு இறங்கி
அவள் நீர் மொண்டதெல்லாம்
ஒரு கட்டுரையாகி,
உள் பரிசீலனைக்கென்று போய்,
போன இடத்திலேயே தங்கிவிட்டது.

ரகசிய வாக்கு. பிஸ்கட் டப்பாவில் முப்பது சீட்டு.
எண்ணியவனும் நான்தான்.
புதுப்பிக்க வேண்டாம்: பத்தொன்பது.
புதுப்பிக்கலாம்: நான்கு.
நடுநிலை: ஏழு.
ஏழில் ஒன்றின் மடிப்பு எனக்குத் தெரியும்,
என் நகம் பதிந்த மடிப்பு.

அவள் எழுந்தாள்.
அழுவாள் என்று நினைத்தோமோ என்னவோ,
பலர் எதிரிலிருந்த தாளைப் பார்த்தார்கள்.
"விதி பதினாறு. உறுப்பினர் கேட்டால்
ஒரு வாக்கியம் சொன்னபடியே குறிப்பில் ஏற வேண்டும்.
எழுதிக்கொள்ளுங்கள், பார்னபாஷ்.
மூன்றாம் மதகு, போன பிப்ரவரி ஒன்பது, நிக்கல்,
லிட்டருக்கு நாற்பத்தொரு மைக்ரோகிராம்."
உட்கார்ந்துவிட்டாள்.
யாரோ கோப்பையில் சர்க்கரை கலக்கும் ஓசை.

மாலை டீனின் தொலைபேசி.
நீக்கச் சொல்லவில்லை, அவர் நாசூக்கானவர்.
"எழுத்துப்பிழை இருக்கிறதா, ஒருமுறை பாருங்கள்."
பிறகு, வேறு பேச்சுப்போல,
என் பதவி உயர்வுக் கோப்பு
தன் மேசையில்தான் இருக்கிறது என்றார்.

பார்த்தேன்.
நிக்கல், நாற்பத்தொன்று.
அதோடு நிறுத்தினேன்.
லிட்டர் போயிற்று. மைக்ரோகிராம் போயிற்று.
பொய் இல்லை, எண் அப்படியே இருந்தது.
நாற்பத்தொன்று என்றால் என்ன,
மீனா, மூட்டையா, பேருந்தின் தடமா?
அலகு இல்லாத எண்
அலகு இல்லாத கொக்கு:
ஆற்றில் நிற்கும்,
எதையும் கொத்தாது.

மார்ச்சில், பனி கரைந்து ஆறு கலங்கி ஓடியபோது
ஆவண அறைக்கு வந்தாள்.
அவளுடைய அட்டையைக் கதவு ஏற்கவில்லை;
காவலர் விந்த்ஸே தன் அட்டையை வைத்துத் திறந்தாராம்.
நின்றபடியே படித்தாள்.
எனக்கு வசவு தேவைப்பட்டது. தரவில்லை.
"மாணவர் இப்படி எழுதினால்
அரை மதிப்பெண் குறைப்பேன்" என்றாள்.
ஓரத்தில் நீல மையில்
விட்டுப்போனதை எழுதினாள்,
சாய்வில்லாத, ஆய்வகக் குப்பிகளில் ஒட்டும் கையெழுத்து.
"திருத்தத்துக்கு எழுதியவர் சுருக்கொப்பம் வேண்டும்."
பேனாவை நீட்டினாள்.
மூடி கடிபட்டிருந்தது.

போட்டேன்.
கை நடுங்கியது என்று சொல்ல ஆசை. நடுங்கவில்லை.
மறுநாள் காலைதான்,
காபிக்குக் குழாயில் நீர் பிடிக்கையில்
பாத்திரம் நிறைந்து வழிய
மூடாமல் நின்றிருந்தேன்.