மூன்றாம் வாளி

நிபோங் திபாலில் இரவு பதினொன்றுக்கு மேல்தான்
நுண்ணோக்கி எங்கள் முறைக்கு வரும்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி வெளியே திரும்பினால்
திரையில் துகள்கள் நடுங்கும்.
பெங் ஹூய் மூச்சைப் பிடித்துக்கொள்வான்,
லாரியை அவன்தான் ஓட்டுவதுபோல.

ஆலைக் கொதிகலனின் சாம்பலை
வாளி வாளியாய் வாங்கிவந்து
அமிலத்தில் கழுவி, உலையில் சுட்டு
சிலிக்கா எடுக்கிறோம்.
இருபது நானோமீட்டர்.
ஒரு தலைமயிரின் குறுக்கே
நாலாயிரம் துகள் வரிசை நிற்கலாம்.

முதல் வாளி: கட்டி.
இரண்டாவது: கட்டி.
மூன்றாவதில்
ஒன்றையொன்று தொடாமல்
பழைய அரிசிச் சோறுபோல் பொலபொலவென்று
அத்தனையும் உருண்டை.
சர்மினி கத்திய கத்தலில் காவலாளி ஓடிவந்தார்.
ரொஸ்லி தன் காசில் தே தாரிக் வாங்கித் தந்தார்.
கட்டுரை எழுதினோம்.

நான்காவது கட்டி.
பதினொன்றாவதும் கட்டி.
தண்ணீரை மாற்றினோம், அமிலத்தை மாற்றினோம்,
பழியை உலைமேல் போட்டோம், பிறகு மழைமேல்,
பிறகு, வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவர்மேல் ஒருவர்.
'மறுபடி செய்து காட்ட முடியுமா?'
முகம் தெரியாத மதிப்பாய்வாளரின் ஒற்றை வரி.
மரியாதையான வரிதான்.
அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

பதினாலு மாதம் கழித்து
ஆலைக்கு நானே போனேன்.
அந்த இரவு கொதிகலனில் யார் வேலை?
பதிவேட்டைப் புரட்டி, கேன்டீனைக் கைகாட்டினார்கள்.
சங்கிலிமுத்து பசியாறிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கா? ரெண்டு நாளா மழை, நாரெல்லாம் ஈரம்.
தீ நிக்கல.
பின்னால வெட்டிப்போட்ட பால்மரக் கட்டை கெடந்துச்சு,
அள்ளிப் போட்டேன்.
மேனேஜர் காதுக்குப் போகவேணாம்மா."

கட்டுரையில், எரிபொருள் என்ற இடத்தில்
'செம்பனை நார்' என்று எழுதியிருந்தோம்.
யாரையும் கேட்காமல்.

எவ்வளவு போட்டீங்க?
தோசைக் கையோடு இரண்டு கையையும் விரித்தார்.
"இப்படி அள்ளி, ஒரு எட்டு தடவ."

பையில் அளவுநாடா இருந்தது.
எழுந்து நிற்கச் சொல்லி
விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்தேன்:
நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.
தையற்காரி என்று நினைத்திருப்பார்கள்.

திருத்திய கட்டுரையில் பால்மரம் இருக்கிறது.
நன்றியுரையில் மானிய எண் இருக்கிறது,
பதினேழு இலக்கம்.
அவர் பெயர் இல்லை; அவர் கேட்டுக்கொண்டது.

மேலே நான் எழுதியதும்
அவர் பெயர் இல்லை.