இருபத்தொன்பது பாகை

கரடிப்போக்குச் சந்தி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
எட்டுக் கதிரை, ஏழு கணினி, ஒரு ஏசி.
ஏசி எங்களுக்கல்ல, கணினிகளுக்கு.
இங்கே இருந்துதான்
கனடாவில் வீடுகள் எவ்வளவு குளிரும் என்று
கணக்குப் பார்க்கிறேன்.

வினிப்பெக் என்றொரு ஊர்.
தை மாதம் சைபருக்குக் கீழே முப்பத்து மூன்று.
நான் கால் வைத்ததில்லை.
ஆனால் அங்கே நூற்றுப் பதினெட்டு வீடுகளின் பின்கதவு
எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியும்.

முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை.
பெரிய அடுப்பென்றால் கூடச் சூடு, அவ்வளவுதான்
என்று நினைத்திருந்தேன்.
பிறகு பிடிபட்டது: வீடு ஓட்டைக் குடம்.
சூடு சுவரால் போகும், யன்னலால் இன்னும் கெதியாய்ப் போகும்,
கூரையால், கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியால்.
மணித்தியாலத்துக்கு எவ்வளவு ஒழுகுகிறதோ
அவ்வளவை வார்க்கிற கைதான் ஹீற்றர்.
அளவுக்கு மிஞ்சி வாங்கினால்
சட்டென்று கொதிக்கும், சட்டென்று நிற்கும்,
நித்திரை வராத ஆள் மாதிரி எழும்பி எழும்பிப் படுத்து
நாலு வருசத்தில் பழுதாகும்.

படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது:
வீட்டுக்குள் எத்தனை பாகை வேண்டும்?
எல்லாரும் இருபத்தொன்று எழுதுவார்கள்.
ஒரு கஞ்சர் பதினேழு எழுதினார்.
போன செவ்வாய் வந்தது
இருபத்தொன்பது.

திரை சிவந்தது.
"கை தவறித் தட்டியிருப்பார், மாத்திவிடுங்கோ" என்றான் டினோசன்.
நான் பெயரைப் பார்த்தேன்:
தம்பையா புவிராசசிங்கம்.
கீழே குறிப்பு:
கேஸ் உலை பழசு. மனைவி வெப்பப் பம்பி என்கிறா.
மகன் இரண்டும் வேண்டுமாம்.
எனக்கு எதென்றாலும் சரி, 29 வர வேண்டும்.

மாசியில், காலை பத்து மணிக்கு,
தார் றோட்டில் நெல் பரவி வைத்துவிட்டு
சாரத்தோடு, வெறும் மேலோடு நிற்கிறபோது
தோலில் படுகிற எண் அது.
கை தவறி வருகிற எண் இல்லை.

விசுவமடுவோ, முத்தையன்கட்டோ, கேட்கவில்லை.
வாடிக்கையாளரோடு ஊர்க்கதை கதைப்பது
எங்கள் ஒப்பந்தத்தில் தடை.

கணக்குப் போட்டேன்.
இரண்டு மடங்கு வரும் என்று பயந்திருந்தேன்.
இல்லை. கடுங்குளிர் நாளில்
மற்றவர்களைவிட ஏழிலொரு பங்குதான் கூட.
ஆனால் அது ஒரு நாள்.
ஐப்பசியிலிருந்து சித்திரை வரை பில் வரும்.
அந்த மனைவியையும் நினைத்தேன்,
இருபத்தொன்பதில் அவ சமைக்க வேண்டுமே.

எழுதினேன்:
வடக்கு யன்னல்களை முதலில் அடையுங்கள்.
சாதாரணக் குளிருக்கு வெப்பப் பம்பி.
இருபதுக்குக் கீழே இறங்கினால் கேஸ், அது புதிதாக, சின்னதாக.
முழு வீட்டுக்கும் இருபத்திரண்டு.
தென்மேற்கு மூலையில் பத்துக்கு ஒன்பது அடி அறை இருக்கிறது.
பின்னேர வெயில் விழும்.
அதற்குத் தனியாக ஒரு மின்சார ஹீற்றர்,
தனி விசை, கதவு சாத்தலாம்.
அங்கே மட்டும் இருபத்தொன்பது.

"ஏன் அந்த அறை?" என்று மேலாளர் கேட்டார்.
"சுவர் கணக்கு சேர்" என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.
எல்லாம் சம்மதம். ஒரு திருத்தம்:
அறைக்கு முப்பது.

திருத்திக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது.
ஏசி மூச்சை விட்டது. யூபிஎஸ் கீச்சிட்டது, பத்து நிமிசம் தரும்.
கூரைத் தகரம் சூட்டில் டக் டக்கென்று நெளிந்தது.
டினோசன் எழும்பி எல்லா யன்னலையும் அகலத் திறந்தான்.
ஏ9 தூசு முழுக்க உள்ளே வந்தது.
நாடியால் வேர்வை விசைப்பலகையில் சொட்ட
நான் அவருடைய யன்னல்களை
ஒவ்வொன்றாய் இறுக்கிக்கொண்டிருந்தேன்.