எந்த நாள்

நவரஞ்சன் சார் கோர்ட்டு வாசலில் வைத்து
மூன்றாம் தடவையாகச் சொல்கிறார்:
"நுழைஞ்சது மட்டும் குற்றமில்லை, யோகமலர்.
அடுத்தவன் காணியில் கால் வைத்தால்
அவன் வேணுமென்றால் நட்டஈடு கேட்கலாம்.
பொலிஸ் பிடிக்கிறதுக்கு
உள்ளே ஓர் எண்ணம் இருந்திருக்க வேணும்.
குற்றம் செய்ய, மிரட்ட, அவமதிக்க,
இல்லாட்டி எரிச்சலூட்ட."

எரிச்சலூட்ட.
ஹட்டன் மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருக்க
அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்க்கிறேன்,
சோற்றில் அகப்பட்ட நெத்தலி முள் மாதிரி.

பதினோராம் நம்பர் மலையைக் கம்பெனி
சித்திரையில் குத்தகைக்குக் கொடுத்தது.
மலையோடு பீலியும் போனது.
லயத்துக்கு யாரும் சொல்லவில்லை.
வைகாசியில் முள்ளுக்கம்பி,
அதற்குப் பின்னால் கண்ணாடி பங்களா,
வெள்ளைக்காரர் முங்கிக் கிடக்கிற தொட்டி,
மூன்று மொழியில் ஒரு பலகை.
தமிழில் மட்டும் பிழை:
'அத்துமீறி நுலைய வேண்டாம்.'

கம்பிக்குக் கீழே ஒரு வாளி போகிற சந்து இருந்தது.
வாளி போனால் நான் போவேன்.
இருபத்தாறு நாள் போனேன்.
முதல் நாள் என்ன எண்ணம்?
மகனின் ஸ்கூல் சட்டை சவர்க்காரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.
அடுத்த நாள், அடுப்பில் பருப்பு.
பத்தாம் நாளோ என்னவோ, கெண்டைக்காலில் அட்டை,
அதைப் பிடுங்குகிற எண்ணம்தான்.
வாட்ச்சர் ஜேக்கப்ராஜ் என் மச்சாள் புருஷன்.
என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பி
பீடி பற்றவைப்பார்.
அதுவரைக்கும் நுழைந்தது நான் மட்டும்தான்.

இருபத்தாறாம் நாள் மனேஜர் நின்றார்.
ஏசவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.
நிறைந்த வாளியைச் சப்பாத்து நுனியால்
மெதுவாகச் சரித்தார்.
தண்ணீர் என் பாதத்தைக் கடந்து,
கம்பியையும் கடந்து,
லயத்துப் பக்கம் போனது.
அதை ஒருத்தரும் மறிக்கவில்லை.

மறுநாள்
வீட்டில் மூன்று குடம் மழைத்தண்ணீர் இருந்தது.
இருந்தும் போனேன்.
அதே பாதை, அதே சந்து, அதே அட்டை.
வெறும் வாளி. கையில் அகப்பை.
அவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம் பார்த்து
பீலியடியில் குந்தி
வாளியைக் கவிழ்த்துத் தப்பு அடித்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.
போ என்றார் மனேஜர்.
போகவில்லை.
ஜீப் மலையேறி வரும்வரை அடித்தேன்.

உள்ளே கூப்பிட்டாயிற்று.
சிங்களத்தில் வாசித்ததைத் தமிழாக்கிக்கொண்டே வந்த
மொழிபெயர்ப்பாளர் ஐயா
சரியாக அந்த இடத்தில் நிற்கிறார்.
"தொந்தரவு" என்கிறார். தலையை ஆட்டி அதை அழித்து
"கரைச்சல்" என்கிறார்.
பிறகு என்னைப் பார்க்கிறார்,
நான் ஏதோ சொல் எடுத்துக்கொடுப்பேன் என்பதுபோல.

நவரஞ்சன் சாரின் கண் சொல்கிறது:
தண்ணிக்குத்தான் போனேன் என்று சொல்.
இருபத்தாறு நாளைக்கு அது சத்தியம்.

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
"ஐயா, எந்த நாளைக் கேக்கிறீங்க?"