பேர் வெட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
பழைய சாமான் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
நாலு மேசை, ஒரு யுபிஎஸ்,
சாத்தப்பன் சார் அறைக்கு மட்டும் ஏசி.
கீழே ஜபருல்லா,
தூக்குவாளியில் என்றோ யாரோ வெட்டிவைத்த
மு.சி.ராம. என்பதை
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற சத்தம்
பத்து மணிக்கு ஆரம்பிக்கும்.
பேர் போனால்தான் வாங்குவார்களாம் சிலர்.
பேர் இருந்தால்தான் எடுப்பார்களாம்
வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்.

நாங்கள் விற்பது வட்டிக்கணக்கு.
தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல்,
நானூற்றுப் பன்னிரண்டு அடகுக்கடைகளில் ஓடுகிறது
பூட்டிய பொட்டலமாக.
உள்ளே என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை,
கோயம்புத்தூர் ஃபைனான்ஸ் கம்பெனி கேட்கும்வரை.
அறுபது கிளைக்கு வேண்டுமாம்.
அதற்கு முன்னால் ஒரு பட்டியல்:
எது உங்கள் கோடு, எது இரவல், என்ன லைசென்ஸ்.

எழுத உட்கார்ந்தவள் நான்.
முப்பத்தெட்டு இரவல்.
அதில் முப்பத்தேழு பேர்
என் பேரை ஓரத்தில் போட்டுவிட்டு
எடுத்துக்கொண்டு போ என்கிறவர்கள்.
(ஓரத்திலும் போடவில்லை நாங்கள். சரி, போடலாம்.)
முப்பத்தெட்டாவது,
இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை நாள் என்று சொல்லும்
அறுநூறு வரி.
வில்னியஸில் லைமா என்று ஒருத்தி எழுதியது.
இனாம்தான். ஆனால் ஒரு நிபந்தனை:
இதைச் சேர்த்துச் சமைத்து யாருக்குப் பரிமாறுகிறாயோ
அவருக்கு அடுப்படிக் கதவையும் திறந்துவை.
முழு அடுப்படியையும்.

தெரியாமல் நடந்தது என்று எழுதலாம்.
தெரியாமல் இல்லை.
ஆறு வருஷம் முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
கோப்பின் தலையில் இருந்த பதினேழு வரியை,
அவள் பேர், வருஷம், நிபந்தனை எல்லாவற்றையும்
அழித்தது இந்தக் கைதான்.
உப்புத்தாள்கூட வேண்டியிருக்கவில்லை.
ஒரே ஒரு சாவி.

"அறுநூறு வரிதானே, நீயே திருப்பி எழுதிவிடு"
என்றார் சாத்தப்பன் சார்.
எழுதினேன். அவளுடையதே வந்தது.
மாறியது மாறிகளின் பேர் மட்டும்.
"காசு கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாமே."
"கேட்டால் தெரிந்துவிடுமே."
அவர் கெட்டவர் இல்லை. கொரோனாவில்
கடைகள் மூடிக்கிடந்த மூன்று மாசமும்
எங்கள் நாலு பேருக்கும் சம்பளம் போட்டவர்.

அன்று ராத்திரி நானே கேட்டேன்,
சொந்த மெயிலில், கம்பெனி பேர் சொல்லாமல்.

விடிந்தால் பதில்.
கோபத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.
எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள்.
2.1 என்றால் உடனே மாற்றுங்கள்,
பிப்ரவரி இருபத்தொன்பதை அது இரண்டு தரம் எண்ணும்,
திருத்தி ஐந்து வருஷமாகிறது,
எடுத்துப்போனவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேனே.

அனுப்பியிருப்பாள்.
எடுத்துப்போனோம் என்று நாங்கள்தான் சொல்லவில்லை.

புதுவயல் கடை ஒன்றின் பேக்கப்
ரிப்பேருக்கு வந்தது என்னிடம் கிடந்தது.
போன லீப் வருஷத்தைத் தாண்டி வைத்த நகைகள்
ஆயிரத்து நூற்றாறு சீட்டு.
அரிசி மில் கூலி சிட்டம்மாள், தோடு, நாலு கிராம்,
பதினாறாயிரம்,
ஒரு நாள் வட்டி கூடுதல்:
ஏழு ரூபாய் எண்பத்தொன்பது காசு.
மூக்குத்தி வைத்தவர்களுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்.
நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கவில்லை.
பெருக்க வராமல் இல்லை.

பதினேழு வரியையும் பழைய இடத்தில் வைத்தேன்.
பட்டியலில் முப்பத்தெட்டுக்கு நேரே
உள்ளதை உள்ளபடி.
சிட்டம்மாள் சீட்டையும் அச்செடுத்து மேலே வைத்து
ஏசி அறைக்குள் போனேன்.

சாத்தப்பன் சார் இரண்டு தரம் படித்தார்.
"அறுபது கிளை" என்றார்.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
கீழே தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது,
சாப்பாட்டு நேரம்.

"இந்தச் சிட்டம்மாள்
தோட்டை மீட்டுவிட்டாளா?"
என்று கேட்டார்.