எட்டு டிகிரி

நான்காம் தட்டைத் திறந்தால்
முதலில் பாச்சை உருண்டை வரும்.
பிறகுதான் மரம்.

பழுப்பேறிய தாளில் தைத்து வைத்த ஒரு கொப்பு.
மேகமலை, எண்பத்தொன்று, அக்டோபர்.
ஓரத்தில் ஒரு கறை. அட்டை கடித்த கையாக இருக்கலாம்.

பெயர்ச்சீட்டு மூன்று, ஒன்றன்மேல் ஒன்று.
போடோகார்ப்பஸ் என்றது முதலாவது.
டெகுசோகார்ப்பஸ் என்று திருத்தியது அடுத்தது.
இன்று நான் நாகேயா என்று ஒட்டுகிறேன்,
விரலில் கோந்து காய.
கொப்பு எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை.
மலையில் அதை நிரம்பாலி என்பார்கள்,
அதற்கு மட்டும் சீட்டு இல்லை.

இலையில் நடுநரம்பு கிடையாது. ஊசியும் கிடையாது.
மூங்கில் இலையைத் தடித்த தோலில் வெட்டியது போல.
"இதைப் போயா ஊசியிலைக் கூட்டத்துல சேத்தாங்க?"
என்றாள் முதலாண்டு பெனாசிர்.
பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பவா முடியும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கொடைக்கானல் பைன் இதற்குத் தூரத்துச் சொந்தம்,
பத்திரிகை வைத்தால் வரலாம், வராமலும் போகலாம்.
பங்காளி இருப்பது அரசரடியில்,
சர்ச் காம்பவுண்டுக்குள்,
டிசம்பரானால் சீரியல் பல்பு சுற்றிக்கொண்டு:
அரக்கேரியா.
பார்ப்பவர்கள் பைனோடு சேர்த்துப் பேசுகிற அவனும்
அகன்ற இலைக்காரி இவளும் ஒரு வயிறு.
டைனோசர் காலத்துக்கும் முந்தைய பாகப்பிரிவினை.
மூலப்பத்திரம் உயிரணுவுக்குள்.

வழக்கு அங்கேதான் வந்தது.
பின்வீட்டு ஜெகவீரன், ரிட்டயர்டு சர்வேயர்,
தூக்குக்குண்டு கட்டி அளந்து வைத்திருந்தார்.
"எட்டு டிகிரி சார். தெற்கே. என் சின்டெக்ஸ் மேல."
வாட்ச்மேன் சொன்னார்:
"பொறந்த தீவு தெக்கத்திப் பக்கம்ல,
அதான் அங்கிட்டே பாக்குது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தப்பு.
பிறந்த தீவில் இதே மரம் வடக்கே சாய்கிறது.
எங்கே நட்டாலும்
பூமியின் இடுப்புப் பக்கமாய்த்தான் சாயும்.
ஏன் என்று இன்னும் யாருக்கும்
திட்டமாய்த் தெரியாது.

"ஊரு ஞாபகமில்லையா அப்ப?"
வாட்ச்மேன் முகம் கொஞ்சம் வாடியது.
ஜெகவீரன் நூலைச் சுருட்டினார், அவிழ்த்தார்,
மறுபடி அளந்தார்.
எட்டுதான்.
"விழாதுன்னு எழுதித் தருவீங்களா?"

சாயும் என்றுதான் எழுதித் தர முடிந்தது.
டேங்க்கை நகர்த்த ஆள் பார்க்கப் போனார்,
என்னை வைதபடி.

கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சிறு கிளையை
டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.
அலமாரியில் பைன் தாள்களை
ஒரு தட்டு கீழே இறக்கிவிட்டு
நிரம்பாலிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.
சீட்டு இன்னும் ஒட்டவில்லை.
கோந்து தீர்ந்திருந்தது.